கரையாத எழுத்து

டயாலிசிஸ் மெஷின் ஓடத் தொடங்கியதும் லிஃப்ட் மெக்கானிக்குக் கண் சொக்கிவிடும். கையிலிருந்து கிளம்பும் ஒரு குழாய் ரத்தத்தை வெளியே கொண்டுபோகும். இன்னொரு குழாய் அதைச் சுத்தமாக்கித் திரும்பக் கொண்டுவரும். அதுவரை சாய்வு நாற்காலியை விட்டு அசைய முடியாது. அவன் தூக்கத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. கண்ணை மூடினால் ஒரு லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருப்பான். அதன் பொத்தான்களில் எண்கள் இருக்காது. ஏதாவது ஒன்றை அழுத்துவான். கதவு திறக்கும். ஒரு மாடியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைப் படுக்கை விரிப்புகள் அசைந்துகொண்டிருக்கும். இன்னொரு மாடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதன் வெளிச்சம் கூரையில் நெளியும். எங்கும் ஆள் நடமாட்டம் இருக்காது. எங்கும் அவன் இறங்கமாட்டான். கதவு தானாக மூடும், லிஃப்ட் மேலே போகும்.

விழித்ததும் கனவை அக்காவிடம் சொல்வான். அக்கா பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர் அவள். எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் குளோரின் வாடை அவளை விட்டுப் போகாது. நீச்சல் கற்க வருகிறவர்களில் பாதிப்பேர் பயந்தாங்கொள்ளிகள். அவர்களைத் தண்ணீரில் மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து, மெல்லக் கையை எடுத்துவிடுவதுதான் அவள் வேலையில் அவளுக்குப் பிடித்த பகுதி.

"இன்னைக்கு எந்த மாடி?" என்று கேட்பாள்.

"தண்ணி மாடி."

"இறங்கினியா?"

"இல்லை. ஷூ போட்டிருந்தேன்."

தம்பிக்கு முதல் சிறுநீரகக் கல் வந்தது வேலைக்குச் சேர்ந்த புதிதில். லிஃப்ட் குழிக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். அதற்குப் பிறகு வந்த கல்லுக்குக் கணக்கில்லை. கூட வேலை செய்தவர்கள் அவனுக்கு 'குவாரி' என்று பெயர் வைத்தார்கள். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான். எக்ஸ்ரேயில் கல் தெரியாது, ஸ்கேனில் மட்டும் தெரியும். எக்ஸ்ரேக்கு அகப்படாத கல் என்றால் யூரிக் அமிலக் கல்தான் என்று போன இடமெல்லாம் ஒரே பதில். இறைச்சியை விட்டான். கல்லைக் கரைக்கும் என்று கொடுத்த உப்புக் கரைசலைப் புட்டி புட்டியாகக் குடித்தான். கல் கரையவில்லை. நாளெல்லாம் குழிக்குள்ளும் லிஃப்ட் கூரை மேலும் தொங்கிக்கொண்டிருப்பவன் சிறுநீர் கழிக்க எங்கே போவது? அதனால் தண்ணீரைக் குறைத்தே குடித்தான். கடைசியில் இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்துவிட்டன.

மெஷினோடு இருந்து அவன் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னாள், தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தரப்போவதாக. யோசனை கேட்கும் தொனியில் சொல்லவில்லை. மழை வருகிறது, துணியை எடு என்பது போலச் சொன்னாள்.

தம்பி தட்டைத் தள்ளிவைத்தான். "ரெண்டு இருக்குன்னு ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்க இது என்ன பிஸ்கட்டாக்கா?"

"பிஸ்கட்டைப் பாதியாப் பிச்சுத் தரதுக்குள்ள முழுசாப் பிடுங்கித் தின்னவன்தானே நீ. இப்ப மட்டும் என்ன கூச்சம்?"

அம்மா குறுக்கிட்டு, தான் தருவதாகச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பி, நீ சும்மா இரும்மா என்றார்கள். அம்மாவுக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் பிரிவில் இருந்தாள். அப்பா ஒரு சாலை விபத்தில் போனபோது பிள்ளைகள் சின்னவர்கள். அன்று பிடித்த இஸ்திரி இன்னும் கையை விட்டு இறங்கவில்லை. பிள்ளைகள் அதட்டியதும் அவள் எழுந்து போய்ச் சாம்பார்ப் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினாள்.

வழக்கம்போல அக்காதான் ஜெயித்தாள். பரிசோதனைகள் ஆரம்பமாயின. ரத்த வகை பொருந்தியது. மற்றப் பொருத்தங்களும் நன்றாக இருந்தன. குளத்தில் வளர்ந்த உடம்பு, குதிரை மாதிரி இருக்கிறது என்று ஒரு நர்ஸ் சொன்னாள். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தனக்குள் இருக்கும் ஒன்று இன்னொருவருக்குள் போய் வேலை செய்யும் என்ற எண்ணமே அவளை ஒரு மிதப்பில் வைத்திருந்தது. குளத்தில் தனியாக நீந்தும்போது இடுப்பின் இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்ப்பாள். எது போகும், எது இருக்கும்?

அந்த ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் எதிரே இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் நர்ஸுகள் அவரை 'மெதுவா டாக்டர்' என்பார்கள். அவருக்கு ஒரு பழக்கம். சிறுநீரகம் தர வருகிறவர்களின் சிறுநீரைத் தானே ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அக்காவின் சிறுநீரையும் அப்படித்தான் பார்த்தார். பார்த்துவிட்டு அவளை வரச் சொன்னார்.

அறையின் திரைகள் இழுத்து மூடியிருந்தன. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல், இதைப் பாருங்கள் என்று டாக்டர் எழுந்து இடம் கொடுத்தார். அக்கா குனிந்து கண்ணை வைத்தாள். வெளிறிய மஞ்சள் வட்டத்துக்குள் பழுப்பு நிறத்தில் உருண்டையாக என்னவோ மிதந்தன. சில தனியாக, சில ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லிய கோடுகள் ஓடின.

"அப்படியே பாத்துட்டே இருங்க" என்ற டாக்டர், கீழே ஒரு கண்ணாடித் தகட்டைத் திருப்பினார்.

வட்டம் இருண்டது. அந்த இருட்டில் உருண்டைகள் மட்டும் ஒளிர்ந்தன. ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாகக் கருப்புக் கோடுகள். நாலு துண்டு வெளிச்சம். டாக்டர் தகட்டை இன்னும் கொஞ்சம் திருப்ப, வெளிச்சம் உருண்டைக்கு உருண்டை தாவியது. மாலையில் குளத்தின் அடியில் விளக்குகளைப் போடும்போது தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து வைத்திருப்பாளே, அந்த நேரத்து அமைதி அவளுக்குள் பரவியது. எவ்வளவு நேரம் பார்த்தாளோ. இது தன் சிறுநீர் என்பதே மறந்துபோயிற்று.

"அழகா இருக்கு" என்றாள்.

"ஆமா" என்றார் டாக்டர். "ஆனா இது உங்ககிட்ட இருக்கக் கூடாது."

பிறகு அவர் தன் வழக்கப்படி நிதானமாகச் சொன்னார். அடினின் என்று ஒரு பொருள். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நாலே நாலு எழுத்துகளால் எழுதிய ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. அப்பா அம்மாவிடமிருந்து நமக்கு வருவது அதுதான். அந்த நாலு எழுத்தில் ஒன்று அடினின். அதோடு அதன் வேலை முடிவதில்லை. செல்லுக்குள் சக்தியைச் சுமந்து திரியும் பொருளின் தலையிலும் அதே அடினின்தான். ஒரு விரலை மடக்கக்கூட அது வேண்டும்.

"நாள் பூரா முழிச்சிருந்தா சாயங்காலம் கண்ணைச் சுழட்டுதில்ல? மூளையில அந்தத் தூக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து வைக்கிற பொருளுக்குள்ளயும் இது இருக்கு. காபி குடிச்சா, காபியில இருக்கிற சரக்கு முந்திக்கிட்டு அதோட இடத்துல போய் உக்காந்துக்கும். அதான் தூக்கம் தள்ளிப்போகுது."

"இவ்வளவு நல்லது என்னை என்ன பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணலை. வேலை முடிஞ்சு வெளிய வர்ற அடினினை மறுபடியும் வேலைக்கு அனுப்ப எல்லார் உடம்புலயும் ஒரு நொதி இருக்கும். உங்களுக்கு அந்த நொதி இல்லைன்னு நினைக்கிறேன். சும்மா நிக்கிற அடினினை வேற ஒரு நொதி பிடிச்சு, தண்ணியில கரையாத ஒண்ணா மாத்திடுது. அது சிறுநீரகத்துல போய்ப் படியுது. இப்ப பாத்தீங்களே, அதுதான்."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். தனக்குக் கல்லே வந்ததில்லை என்றாள். நிறையத் தண்ணீர் குடிப்பீர்களா என்று டாக்டர் கேட்டார். குளத்தோரம் நின்று நாளெல்லாம் கத்துவதுதான் தன் பிழைப்பு, தொண்டை வறளும், பாட்டில் கையைவிட்டு இறங்காது என்று சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. தம்பியின் கல்லும் இதுதான். யூரிக் அமிலக் கல் என்று எல்லோரும் நினைத்தது இதைத்தான். அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது வெறும் தண்ணீர்.

உறுதிசெய்யச் சில வாரங்கள் ஆயின. முன்பு தம்பியின் சிறுநீரகத்திலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துண்டைக் கண்ணாடித் தகட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அதைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தபோது அதிலும் அதே பழுப்பு உருண்டைகள். இருவர் ரத்தத்திலும் அந்த நொதி அறவே இல்லை. அக்காவின் சிறுநீரகத்தை எடுக்கக் கூடாது என்று டாக்டர் கையை விரித்தார். ஆனால் இந்தக் கோளாறுக்கு ஒரு பழைய மாத்திரை உண்டு, அது அந்த இரண்டாவது நொதியைக் கட்டிப்போட்டுவிடும், அடினின் அடினினாகவே கரைந்து வெளியே போய்விடும் என்றார். அக்கா அன்றே மாத்திரையை ஆரம்பித்தாள்.

அன்று மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு குளத்தில் மல்லாந்து மிதந்தாள். காதுக்குள் தண்ணீர் நிறைந்து உலகத்தின் சத்தம் நின்றது. மேலே வானம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. வீட்டில் நோயாளி அவன், ஆரோக்கியசாலி தான் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டாள். அந்த நிமிர்வில்தான் அவனை அதட்டினாள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துப்போனாள். இப்போது அவனுக்கும் தனக்கும் நடுவே ஒரு தண்ணீர் பாட்டில் மட்டுமே இருந்தது என்று தெரிந்ததும், உடம்பு தன்னுடையதே இல்லை என்பது போல் லேசாகிவிட்டது. அழுதாள். குளத்தில் அழுவதில் ஒரு வசதி, துடைக்க வேண்டியதில்லை.

மறுநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். உருண்டைகள் எப்படி ஒளிர்ந்தன என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னான்.

"அப்ப உன்னுது எனக்கு வெச்சிருந்தா?"

"எதுனாலன்னு தெரியாமயே வெச்சிருப்பாங்க. உனக்கு வந்ததுலயும் இது படிஞ்சு, அதுவும் போயிருக்கும். மிச்சம் இருக்கிற ஒண்ணோட நானும் தண்ணி குடிக்காம ஒரு மாசம் படுத்திருந்தா..."

"நான்தான் அப்பவே வேண்டாம்னேன்ல" என்றான் அவன். சிரிக்கத்தான் நினைத்தான். சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. குழாய் இல்லாத கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அப்படியே உறங்கிவிட்டான். எழுந்ததும், எந்த மாடி என்று அவள் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான், லிஃப்ட் இன்று கீழே போனதாக. ரொம்ப நேரம் போனதாம். எந்தத் தரையிலும் முட்டவில்லையாம். பயமாகவும் இல்லையாம்.

அம்மாவிடம் சொல்ல அக்கா சலவைக்கூடத்துக்கே போனாள். வீட்டில் வைத்துச் சொன்னால் இருவரும் உடைந்துபோவோம் என்று நினைத்தாள். உள்ளே நீராவி மேகம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. விரிப்புகள் ஒரு பக்கம் ஈரமாகச் சூடான இஸ்திரி உருளைக்குள் போய், மறுபக்கம் மொடமொடவென்று வெள்ளையாக வந்து விழுந்தன. அம்மா அவற்றின் முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டே கேட்டாள். கை நிற்கவில்லை.

"பழுப்புன்னா எந்த மாதிரி பழுப்பு?" என்று மட்டும் கேட்டாள்.

"செங்கல் தூளைத் தண்ணியில கரைச்ச மாதிரி."

அம்மாவின் கை நின்றது. பிள்ளைகள் இருவரும் கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்புத் துணியில் அப்படி ஒரு கறை இருக்கும் என்றாள். இரண்டு பேருக்கும்தான். துவைத்தால் போய்விடும், மறுநாள் திரும்ப வரும். குழாயில் வருகிற துரு என்று நினைத்து வேறு குழாயில் தண்ணீர் பிடித்துத் துவைத்தாள். சோப்பை மாற்றினாள். அப்புறம் பிள்ளைகள் துணியில்லாமல் ஓடத் தொடங்கியதும் கறையும் மறந்துபோயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. கறை என்பது துவைக்கிறவள் சமாச்சாரம், இதைப் போய் யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டாள்.

நீராவியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, இது தன்னிடமிருந்து வந்ததா என்று கேட்டாள்.

"பாதி உன்கிட்ட இருந்து, பாதி அப்பாகிட்ட இருந்து. ரெண்டு பாதியும் சேந்தாதான் கோளாறு. எங்க ரெண்டு பேருக்கும் சேந்துடுச்சு."

"அப்ப எனக்குப் பாதி நொதிதான் இருக்கா?"

"ஆமா. ஒருத்தருக்கு அது போதும்னு டாக்டர் சொல்றாங்க. பாதி இருக்கிறவங்களுக்குக் கல்லே வராதாம்."

அம்மா கையிலிருந்த விரிப்பை முழுசாக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். நான்கு முனைகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தாள். பிறகு ஏப்ரனை அவிழ்த்தாள்.

"வா, போலாம். அந்த டாக்டரம்மா என்னையும் அந்தக் கண்ணாடியில பாக்கட்டும்."

மெதுவா டாக்டர் பார்த்தார். ஒரு உருண்டைகூட இல்லை. ரத்தப் பொருத்தம், இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி அம்மாவின் உடம்பு முறுக்கேறிப்போயிருந்தது. சிறுநீரகங்கள் வயதை மீறி வேலை செய்துகொண்டிருந்தன. தரலாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல டாக்டர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அம்மா ஒரு விரிப்பை மடித்து முடித்திருப்பாள்.

இந்த முறை தம்பியின் பிடிவாதம் பெரிதாக இருந்தது. அம்மாவின் வயதைச் சொன்னான், தன்னால் இன்னும் சில வருஷம் மெஷினோடு ஓட்ட முடியும் என்றான், எவ்வளவோ சொன்னான். அம்மா அவன் தலைமாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லி முடிச்சிட்டியா?" என்றாள். "உன்னை முழுசாப் பெத்தப்ப உன்கிட்ட யாரும் சம்மதம் கேக்கலை. இப்ப ஒரு துண்டுக்கு எதுக்குக் கேக்கணும்?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதுதான் சம்மதம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அறுவை சிகிச்சைக்கு முன்பே அவனுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். சிகிச்சை நடந்த நாளில் அக்கா இரண்டு அறைகளுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். இரண்டு கதவும் மூடியிருந்தன. இந்தக் கதவுக்குப் பின்னால் இருந்து எடுத்து அந்தக் கதவுக்குப் பின்னால் வைக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் அவளுக்கு நம்ப முடியவில்லை. தாழ்வாரத்தின் பளபளத்த தரையில் விளக்குகள் நீளமாகத் தெரிந்தன. தண்ணீர் மேல் நடக்கிற மாதிரி கால்கள் பதியாமல் நடந்தாள். முதலில் அம்மாவை வெளியே கொண்டுவந்தார்கள். மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. அக்கா குனிந்ததும் அம்மா முணுமுணுத்தாள்.

"உருளையை அணைச்சீங்களா?"

"அணைச்சாச்சும்மா."

அம்மா நிம்மதியாக மறுபடி உறங்கிவிட்டாள்.

தம்பியின் கட்டிலோரம் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் சொட்டுச் சொட்டாக, பிறகு சன்னமான கோடாக, வைக்கோல் நிறத்தில் சிறுநீர் இறங்கியது. நர்ஸ் இரண்டு முறை பையை மாற்றினாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் தினமும் ஒரு துளி எடுத்துப் போய்ப் பார்த்தார். முதல் சில நாட்கள் பழைய மிச்சமாகப் பழுப்பு உருண்டைகள் அங்கங்கே தென்பட்டன. போகப் போகக் குறைந்தன. ஒரு காலையில் அவர் அக்காவை அழைத்துக் காட்டினார். தகட்டைத் திருப்பியதும் வட்டம் இருண்டது. அவ்வளவுதான். அந்த இருட்டில் ஒன்றுமே இல்லை.

மாத்திரையை மட்டும் இருவரும் ஆயுள் முழுக்க விடக் கூடாது என்றார் டாக்டர். காலையில் பல் தேய்த்ததும் அதை விழுங்கிவிட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது வழக்கமாயிற்று. அம்மா இஸ்திரிக்குத் திரும்பினாள். கனமான விரிப்புகளைத் தூக்க வேண்டாம் என்று மடிக்கிற பக்கத்துக்கு மட்டும் மாற்றியிருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். தம்பியைக் குழிக்குள் இறங்க விடாமல், புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகளை மேற்பார்வையிடும் வேலையைக் கொடுத்தார்கள். குவாரி என்ற பெயரைக் கூட இருந்தவர்கள் மாற்றப் பார்த்தார்கள். அவன் விடவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் மூவரும் மலைப்பக்கம் ஒருநாள் பயணம் போனார்கள். அம்மா வேலைக்குச் சேர்ந்த பிறகு எடுத்த முதல் உல்லாச விடுமுறை அது. பேருந்து வளைந்து வளைந்து ஏறியது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி மரங்களை விழுங்குவதும் திருப்பிக் கொடுப்பதுமாக இருந்தது. பயணிகள் பாதிப்பேர் தூங்கி வழிந்தார்கள். தம்பி எழுந்து, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து டிரைவரிடம் போனான்.

"கொஞ்சம் நிறுத்துங்க."

"எதுக்கு?"

"ஒண்ணுக்குப் போகணும்."

இப்போதுதானே தேநீர்க் கடையில் நிறுத்தினேன், அப்போதே போயிருக்கக் கூடாதா என்று டிரைவர் எரிந்து விழுந்தார். அப்போதும் போனேன் என்றான் தம்பி. மெஷினோடு இருந்த மூன்று வருஷமும் அவனுக்கு அந்த உந்துதலே வந்ததில்லை என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? வண்டி ஓரம் கட்டி நின்றது. பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள். தம்பி படியிலிருந்து குதித்து, ஈரப் புல்லில் நடந்து, மரங்களுக்குப் பின்னால் பனிக்குள் போய் மறைந்தான்.

வெகுநேரம் வரவில்லை. டிரைவர் ஹாரனை அடித்தார். அக்கா எழுந்திருக்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இருக்கட்டும். நிதானமாப் போயிட்டு வரட்டும்."

மரங்களுக்குப் பின்னாலிருந்து அவன் சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. அம்மா ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.